பழைய ஆங்கிலேய நிலக்கிழார் குடும்பத்தின் வரலாற்றைத் தேடுகிறீர்களா? எங்கே தொடங்குவது, என்ன செலவாகும், எங்கே ஏமாறக் கூடாது

சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஒரு கலெக்டரின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள், மலைப் பகுதியில் ஒரு பழைய பங்களாவைக் கட்டியவர் யார் என்று குடைகிறவர்கள், இங்கிலாந்தில் குடியேறி ஊர் எல்லையில் நிற்கும் பெரிய மாளிகையின் கதையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், அங்கே சம்பந்தம் செய்துகொண்டவர்கள் என்று பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். நானும் அப்படி இறங்கியவன்தான். கேட்ட ஒவ்வொருவரும் ஒரு துண்டைச் சொன்னார்களே தவிர, எதற்குப் பிறகு எது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வரிசையை இங்கே தருகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குடும்பமாக இருந்தால் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம், நிலக்கிழார் குடும்பமாக இருந்தால் நிலத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பெயர் நடுவில் மாறும், வாரிசு அறும், நிலத்துக்கான காகிதம் மட்டும் தொடர்ந்து வரும்.

1. உண்மையிலேயே இங்கிலாந்துக் குடும்பமா என்று பாருங்கள்

நாம் பேச்சுவாக்கில் எல்லாரையும் வெள்ளைக்காரர், இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிடுகிறோம். தாமஸ் மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர், ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுகளையும் சேகரித்த காலின் மெக்கன்சி லூயிஸ் தீவுக்காரர். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், தனி ஆவணங்கள், பிறப்பு இறப்புப் பதிவு அங்கே 1855-இல்தான் தொடங்குகிறது. அயர்லாந்து இன்னும் கஷ்டம், 1922-இல் டப்ளினில் நடந்த சண்டையில் ஆவணக் காப்பகமே எரிந்துபோனது. இந்தக் கட்டுரை இங்கிலாந்துக்கு மட்டும். பிறப்பு இறப்புப் பதிவுகளைப் பொறுத்தவரை வேல்ஸும் இதே முறைதான்.

2. வீடு, பாரிஷ், கவுண்டி மூன்றையும் கண்டுபிடியுங்கள்

குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். பாரிஷ் என்பது ஒரு சர்ச்சின் எல்லைக்குள் வரும் ஊர்ப் பகுதி, கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. எந்த வீடு, அந்த வீடு எந்தப் பாரிஷில் இருந்தது, பாரிஷ் எந்தக் கவுண்டியில் இருந்தது என்ற மூன்றும் கையில் இல்லாமல் எந்தக் காப்பகத்திலும் வேலை நகராது. நமக்கெல்லாம் தெரிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ராபர்ட் கிளைவ் குடும்பத்தின் பூர்வீக வீடு ஸ்டைச், பாரிஷ் மோர்ட்டன் சே, கவுண்டி ஷ்ராப்ஷயர். இந்த மூன்று சொற்கள்தான் சாவி.

இதைக் காசில்லாமல் கண்டுபிடிக்க இரண்டு தளங்கள் இருக்கின்றன. 'ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்' தளத்தில் பழைய எம்.பி.க்கள் ஒவ்வொருவரின் தந்தை, மனைவி, வாரிசுகள், எஸ்டேட் எல்லாம் இருக்கும். 1832 வரைக்கும் பெரும்பகுதி வந்துவிட்டது. ஓரளவு பெரிய நிலக்கிழார் குடும்பம் என்றால் எப்போதாவது ஒருவர் பார்லிமென்டில் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று 'பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன்'. 1899-இல் தொடங்கிய விக்டோரியா கவுண்டி வரலாற்றுத் தொகுதிகள் பலவற்றை அதில் படிக்கலாம். ஒவ்வொரு பாரிஷிலும் எந்த மேனர் (ஒரு நிலக்கிழாரின் ஆளுகையில் இருந்த நிலப் பகுதி) யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அடிக்குறிப்போடு எழுதியிருப்பார்கள், அந்த அடிக்குறிப்புகள்தான் தங்கம். எல்லாக் கவுண்டிக்கும் முழுசாக வரவில்லை, உங்கள் பாரிஷ் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. 1830-களில் தொடங்கி பர்க் குடும்பத்தார் வெளியிட்ட நிலக்கிழார் வம்சாவளித் தொகுதிகள் எங்கும் மேற்கோள் காட்டப்படும். 19-ஆம் நூற்றாண்டுத் தகவலுக்கு அவை நல்ல தொடக்கம். ஆனால் குடும்பத்தார் கொடுத்ததையே பெரும்பாலும் அச்சிட்டிருக்கிறார்கள். "1066-இல் வில்லியமோடு வந்தவர்" என்று, நார்மண்டியிலிருந்து இங்கிலாந்தைப் பிடித்த அரசரோடு தொடங்கும் பரம்பரையைப் பார்த்தால் அதை எழுதிவைத்துக்கொண்டு ஓரமாக வைத்துவிடுங்கள். அப்படிப்பட்ட கதைகளை அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்களே கிழித்துப் போட்டிருக்கிறார்கள்.

3. 1837-லிருந்து இந்தப் பக்கம்: சான்றிதழும் சென்சஸும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்குகிறது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் கணக்குத் திறந்து பிறப்பு, இறப்பு அட்டவணையை இலவசமாகத் தேடலாம், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் வரும். 2024 ஏப்ரலிலிருந்து அச்சுச் சான்றிதழ் 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8 பவுண்டு, சில வருடங்களுக்கு மட்டும் கிடைக்கும் டிஜிட்டல் படம் 3 பவுண்டு. திருமணத்துக்கு அச்சுச் சான்றிதழ் மட்டுமே. ஆர்டர் போடும் முன் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடுபொறியில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், அதே சான்றிதழுக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். முகவரி அரசு முகவரிதானா என்று பார்த்துவிட்டுக் கார்டு எண்ணைக் கொடுங்கள்.

அப்புறம், எல்லாருக்கும் சான்றிதழ் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். நிலக்கிழார் குடும்பத்துக்கு மற்ற ஆவணங்கள் ஏராளம். இரண்டு பேர் ஒரே பெயரில் குழப்பும் இடத்தில் மட்டும் வாங்கினால் போதும்.

சென்சஸ் பத்தாண்டுக்கு ஒருமுறை, பெயரோடு கிடைப்பது 1841 முதல் 1921 வரை. 1841-இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், அதை நம்பிப் பிறந்த வருடம் கணக்கிடாதீர்கள். 1851 முதல் உறவுமுறையும் பிறந்த பாரிஷும் உண்டு. 1931 சென்சஸ் 1942-இல் தீயில் போய்விட்டது. மாளிகை முகவரியில் வேலைக்காரர்கள் மட்டும் இருந்தால் பதற வேண்டாம், குடும்பம் அன்றைக்கு லண்டன் வீட்டில் இருந்திருக்கும், அங்கே தேடுங்கள். சென்சஸைப் பார்க்க உதவும் ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி தளங்கள் இரண்டும் சந்தா கேட்கும். இங்கிலாந்தில் இருப்பவர்கள் உள்ளூர் நூலகத்தில் இலவசமாகவே பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள், பல நூலகங்களில் உண்டு. வெளியூரில் இருப்பவர்களுக்கு ஃபேமிலிசர்ச், ஃப்ரீபிஎம்டி இரண்டும் இலவசம்.

4. அதற்கு முன்னால்: பாரிஷ் பதிவேடு

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் சர்ச்சுகள் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-இல் உத்தரவானது. அத்தனை பழைய பதிவேடு எல்லா ஊரிலும் மிஞ்சவில்லை. 1598-லிருந்து வருடாவருடம் பிஷப்புக்கு நகல் அனுப்பினார்கள், மூலம் தொலைந்திருந்தால் அந்த நகலைக் கேளுங்கள். உள்நாட்டுப் போர்க் காலமான 1642-லிருந்து 1660 வரைக்கும் பெரிய ஓட்டை இருக்கும். 1754-க்குப் பிறகு திருமணப் பதிவும், 1813-க்குப் பிறகு ஞானஸ்நானமும் அடக்கமும் அச்சுப் படிவத்தில் ஒழுங்காக வரும்.

தேதியில் ஒரு சிக்கல். 1752-க்கு முன் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-இல் பிறந்தது. ஆக, பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1721 பிப்ரவரி. குழந்தை பெற்றோரின் கல்யாணத்துக்கு முன்பே பிறந்ததுபோல் தெரிந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். 1720/21 என்று இரண்டையும் குறிப்பதுதான் வழக்கம்.

கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பாரிஷில் நடக்கும். வசதியான குடும்பங்கள் சர்ச்சில் மூன்று வாரம் அறிவிப்பதைத் தவிர்க்க பிஷப்பிடம் லைசென்ஸ் வாங்குவார்கள், அந்த விண்ணப்பமும் பத்திரமும் மறைமாவட்ட ஆவணங்களில் இருக்கும், வயதும் ஊரும் அதில் கிடைக்கும்.

5. உயில்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

1858 ஜனவரி 12 ஒரு கோடு. அதற்குப் பிந்திய உயில்களை அரசின் புரோபேட் (உயிலை மெய்யென்று அங்கீகரிப்பது) தேடல் தளத்தில் ஆர்டர் செய்யலாம். அதற்கு முந்தியவை சர்ச் நீதிமன்றங்களில். பல இடங்களில் சொத்து வைத்திருந்த குடும்பங்கள் கான்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள், 1384 முதல் 1858 வரையிலான அந்த உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'புராப் 11' என்ற வரிசையில் ஸ்கேன் செய்யப்பட்டு இருக்கின்றன. வடக்குக் குடும்பம் என்றால் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனத்தையும் பாருங்கள்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தந்தை உயிலில் மூத்த மகன் பெயர் ஒரு வரியில் வந்துபோகும், அல்லது வராமலே இருக்கும். உடனே "மகனை ஒதுக்கிவிட்டார்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. எஸ்டேட் உயில் மூலம் போகவில்லை, குடும்ப ஒப்பந்தத்தின் மூலம் முன்பே மூத்தவனுக்கு என்று கட்டப்பட்டிருக்கும். உயில் பேசுவது மற்ற பிள்ளைகளுக்கான பணம், நகை, குதிரை, வேலைக்காரர்களுக்கான தொகை இவற்றைத்தான். அதேபோல் 1858-க்குப் பிந்திய புரோபேட் பட்டியலில் சொத்து மதிப்பு குறைவாக இருந்தால் குடும்பம் நொடித்துவிட்டது என்று எழுதாதீர்கள். 1898-க்கு முன் அந்தத் தொகையில் நிலம் சேராது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர் காகிதத்தில் ஏழையாகத் தெரிவார்.

என் அனுபவத்தில் மிகப் பயனுள்ளவை திருமணம் ஆகாத அத்தைகளின் உயில்கள். தங்களுக்கென்று பிள்ளைகள் இல்லாததால் அண்ணன் மகள், தங்கை பேரன் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, உறவு சொல்லி ஏதாவது எழுதிவைத்திருப்பார்கள். குடும்ப வரைபடமே அதில் கிடைத்துவிடும். திருமணமான பெண்கள் 1882 சட்டம் வரும்வரை கணவர் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது, ஆகவே விதவைகளையும் மணமாகாதவர்களையும் குறிவைத்துத் தேடுங்கள்.

6. நிலத்துக் காகிதங்கள்

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். மற்றதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்களோ அதைவிட இரண்டு மடங்கு இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் கேட்க வேண்டியது கல்யாண ஒப்பந்தம். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், நடுவில் அறங்காவலர்கள் என்று எல்லாரும் கையெழுத்திட்ட பெரிய தோல் பத்திரம். எந்த ஊரில் எந்த நிலம், கணவர் இறந்தால் மனைவிக்கு வருடம் எவ்வளவு, இளைய பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். மகனுக்கு 21 வயதானதும் அப்பாவும் மகனும் சேர்ந்து மறுபடி எழுதுவார்கள். கிட்டத்தட்ட தலைமுறைக்கு ஒன்று என்று வரிசையாகக் கிடைத்தால் 200 வருட வம்சாவளி உறுதியாகிவிடும்.

மேனர் நீதிமன்றச் சுருள்கள் எங்கே இருக்கின்றன என்பதற்குத் தேசியக் காப்பகமே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, பாரிஷ் பெயரைப் போட்டால் காட்டும். 1733 வரை இவை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். 13-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அரசரிடம் நேரடியாக நிலம் வைத்திருந்தவர் இறந்தால் அதிகாரிகள் விசாரணை நடத்தி, என்ன நிலம், வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று எழுதிவைத்தார்கள். பதிவேடுகள் இல்லாத காலத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வரைபடத்துக்கு 1836 சட்டத்தின்படி வரைந்த தைத் (விளைச்சலில் சர்ச்சுக்குக் கொடுத்த பங்கு) வரைபடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு வயலுக்கும் எண், சொந்தக்காரர், குத்தகைக்காரர், பரப்பளவு எல்லாம் உண்டு. 1910-இல் தொடங்கிய நில மதிப்பீட்டின் களப் புத்தகங்களும் கியூவில் இருக்கின்றன. 1870-களில் அரசு வெளியிட்ட நிலச் சொந்தக்காரர் பட்டியலில் ஒரு ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களின் பெயர், ஏக்கர், வருமானம் மூன்றும் கவுண்டிவாரியாக இருக்கும், லண்டன் மட்டும் அதில் கிடையாது. முதல் உலகப் போர் முடிந்து எஸ்டேட்டுகள் சரமாரியாக விற்கப்பட்டபோது அச்சடித்த ஏலப் பட்டியல்களைக் கேட்க மறக்காதீர்கள், படமும் வரைபடமும் சேர்ந்தே வரும். இன்றைய நிலப் பதிவகத்தின் நகல் 7 பவுண்டு, இப்போதைய சொந்தக்காரர் யார் என்று சொல்லும், பழைய கதைக்கு உதவாது. விற்கப்படாமல் கைமாறிவந்த பழைய எஸ்டேட்டுகள் சில அதில் இன்னும் ஏறவே இல்லை.

ஒரு பெரிய பொறி. நம் ஊரில் மனை வாங்கினால் தாய்ப்பத்திரமும் சேர்ந்து வருவது மாதிரி, அங்கேயும் எஸ்டேட்டை வாங்கியவர் கைக்குப் பழைய சொந்தக்காரரின் பத்திரக் கட்டுகளும் வந்துசேரும். கிளைவ் 1763-இல் ஷ்ராப்ஷயரில் வால்காட் எஸ்டேட்டை வாங்கினார். அதற்கு முந்திய வால்காட் பத்திரங்கள் இன்னொரு குடும்பத்தின் வரலாறு. குடும்பக் கட்டில் இருப்பதாலேயே அதில் வருபவர்கள் எல்லாம் முன்னோர் என்று கோத்துவிடாதீர்கள். பூர்வீக நிலம் எது, வாங்கிய நிலம் எது என்று முதலிலேயே இரண்டு பட்டியல் போடுங்கள்.

இவை எல்லாம் ஒரே இடத்தில் இருக்காது. கிளைவ் குடும்பக் காகிதங்களே லண்டன் பிரிட்டிஷ் நூலகம், வேல்ஸில் அபரிஸ்ட்வித் தேசிய நூலகம், ஷ்ரூஸ்பரியில் உள்ள கவுண்டிக் காப்பகம் என்று மூன்று இடங்களில் கிடக்கின்றன. தேசியக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' அட்டவணையில் குடும்பப் பெயரையும் வீட்டுப் பெயரையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள், மற்ற காப்பகங்களில் இருப்பதையும் காட்டும். சில குடும்பங்கள் காகிதங்களை வீட்டிலேயே வைத்திருக்கின்றன. பக்கிங்ஹாம்ஷயர் கிளேடனில் வெர்னி குடும்பத்தின் 17-ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் அப்படித்தான் மாளிகையிலேயே தங்கின. அந்த மாதிரி இடங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

7. பெயர் திடீரென்று மறைந்தால்

குடும்பம் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிள்ளையில்லாத சொந்தக்காரர் தூரத்து உறவினருக்கு எஸ்டேட்டைக் கொடுக்கும்போது "என் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டால்தான்" என்று நிபந்தனை வைப்பார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் அண்ணன் எட்வர்ட் 1812-இல் நைட் ஆனது இப்படித்தான். கிளைவின் பேரன் தாய்வழியில் போவிஸ் எஸ்டேட் வந்ததால் 1807-இல் ஹெர்பர்ட் ஆனார். அதே ரத்தம், வேறு பெயர். இந்த மாற்றம் அரச அனுமதியாலோ தனிச் சட்டத்தாலோ நடக்கும். அரச அனுமதி என்றால் பெரும்பாலும் 'லண்டன் கெசட்'டில் அறிவிப்பு வரும், அதன் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

8. இந்தியாவுக்கு வந்த பிள்ளைகள்

நிலம் மூத்தவனுக்குப் போனதால் இளையவர்கள் சர்ச், ராணுவம், வக்கீல் தொழில், கிழக்கிந்திய கம்பெனி என்று கிளம்பினார்கள். கம்பெனியில் எழுத்தராகச் சேர விண்ணப்பித்தவர்கள் ஞானஸ்நானச் சான்றை இணைக்க வேண்டியிருந்தது, அதனால் அந்த மனுக் கட்டுகள் சொந்த ஊர்ப் பாரிஷை நேரே கொண்டுவந்து கொடுக்கும். அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்க நகல்கள் 'என் 2' வரிசையில், 1698-லிருந்து தொடங்குகின்றன. கிளைவின் திருமணமே 1753-இல் சென்னைக் கோட்டையில் உள்ள செயின்ட் மேரீஸ் சர்ச்சில்தான் நடந்தது, ஷ்ராப்ஷயரில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம் ஒன்று 'ஃபிபிஸ்' என்ற பெயரில் இலவசத் தேடல் தளம் நடத்துகிறது, லண்டனுக்கு எழுதும் முன் அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

9. குடும்பச் சின்னம் விற்பவர்கள்

"உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்" என்று கேடயச் சின்னத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி விற்பதை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் பெயருக்குச் சொந்தமில்லை, அதைப் பெற்ற ஒரு நபருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும்தான். 1530 முதல் 17-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை அரச அதிகாரிகள் கவுண்டி கவுண்டியாகப் போய், சின்னம் பயன்படுத்துகிறவர்களைக் கூப்பிட்டு வம்சாவளி கேட்டு எழுதினார்கள். அந்தக் குறிப்புகள் பல அச்சில் வந்து இணையத்திலும் கிடைக்கின்றன. சொன்னவரின் அப்பா, தாத்தா வரைக்கும் பொதுவாக நம்பலாம், அதற்கு மேல் சந்தேகத்தோடு படியுங்கள். அதிகாரபூர்வமான பதில் வேண்டுமென்றால் இந்தச் சின்னங்களைக் கவனிக்கும், லண்டனில் 1484-லிருந்து இருக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸுக்குத்தான் எழுத வேண்டும், ஆய்வுக்குக் கட்டணம் உண்டு.

10. எழுதிக் கேட்பதும் நேரில் போவதும்

தூரத்தில் இருப்பவர்களுக்குக் கவுண்டிக் காப்பகங்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கித் தேடிக் கொடுக்கின்றன. தொகை இடத்துக்கு இடம் மாறும், மணிக்கு 30 பவுண்டுக்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் "இந்தக் குடும்பம் பற்றி என்ன இருக்கிறது" என்று கேட்காதீர்கள், அட்டவணை எண்ணைப் போட்டு, "இந்தக் கட்டில் இந்த வருடங்களுக்கு இடைப்பட்ட கல்யாண ஒப்பந்தம் இருக்கிறதா, இருந்தால் முதல் பக்கமும் சொத்து விவரப் பக்கமும் நகலாக வேண்டும், என்ன செலவு" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம்.

நேரில் போனால், கியூவில் மூல ஆவணம் பார்க்க ரீடர்ஸ் டிக்கெட் வேண்டும். காசு கிடையாது, ஆனால் பெயருக்கு ஓர் அடையாளம், முகவரிக்கு ஓர் அடையாளம் என்று இரண்டும் மூலப் பிரதியாகக் கொண்டுபோக வேண்டும். எந்தெந்த ஆவணங்கள் காப்பகத்துக்கு வெளியே கிடங்கில் இருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்து ஆர்டர் கொடுங்கள், போன அன்றைக்கே எல்லாம் கைக்கு வராது. பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும். கியூவில் உங்கள் போனில் படம் எடுக்கக் கட்டணமில்லை, பல கவுண்டிக் காப்பகங்கள் நாள் கட்டணம் கேட்கும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் முதலில் ஆவண எண் எழுதிய சீட்டைப் படம் எடுத்துவிட்டு அப்புறம் பக்கங்களை எடுங்கள்.

போவதற்கு ஒரு மாதம் முன்பே பழைய கையெழுத்தைப் படித்துப் பழகுங்கள். 16, 17-ஆம் நூற்றாண்டு எழுத்து இன்றைய ஆங்கிலம் மாதிரியே இருக்காது, காப்பகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது. தேசியக் காப்பகத்தின் தளத்திலேயே கையெழுத்துக்கும் லத்தீனுக்கும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. தினமும் அரை மணி நேரம் போதும். 1700 வரைக்கும் பின்னோக்கிப் போவதற்கு வீட்டிலிருந்தபடியே சில மாதங்கள், அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள்.